வெடித்த குக்கரைக் கழுவாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில், தெற்குக் கடற்கரைக்கு இறங்குகிற தெருவில் என் மதினி இட்லிக் கடை நடத்துகிறார். கடை என்றால் போர்டு, பெஞ்சு எல்லாம் கிடையாது. திண்ணையில் ஒரு அடுப்பு, உள்ளே அடுப்படியில் ஒரு அடுப்பு. விடியக்காலை படகுக்குப் போகிறவர்களும் வலை கட்டுகிறவர்களும் வந்து சாப்பிட்டுவிட்டு, "நோட்டுல எழுதிக்கங்க மதினி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஊருக்கே அவர் மதினிதான்.

2022 தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அண்ணன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் என்பதால், அந்த 61 நாளும் வீடு ஓடுவது மதினியின் அடுப்பில்தான். மே மாதத்தில் ஒருநாள் காலை, சாம்பாருக்குப் பருப்பு வைத்திருந்த ஐந்து லிட்டர் குக்கர் வெடித்தது. மூடி மேலே போய்க் கூரை ஓடுகளை உடைத்துக்கொண்டு திரும்ப விழுந்தது. பருப்பு மதினியின் வலது கையிலும் கழுத்திலும் அப்பிக்கொண்டது. வெந்நீர் பட்டால் வழிந்தாவது போகும். பருப்பு ஒட்டிக்கொண்டு, சூடு ஆறும்வரை வேகவைத்துக்கொண்டே இருக்கும். என் அம்மா பதறிப்போய் பற்பசையைத் தடவிவிட்டார். அதைச் சுரண்டி எடுத்தபோது மதினி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பச்சைத் தண்ணீரைக் கையில் விட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

நான் உச்சிப்புளியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். செய்தி வந்ததும் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். ராமநாதபுரத்தில் முதலுதவி, அப்புறம் மதுரை. பத்தொன்பது நாள் படுக்கை. தொடையிலிருந்து தோல் எடுத்து முழங்கைக்குக் கீழே ஒட்டினார்கள். கை பிழைத்தது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. கரண்டி பிடிக்கலாம். மாவுச் சட்டியைத் தூக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் நடந்த இரண்டு விஷயங்கள் பின்னால் எவ்வளவு பெரிதாகும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சேர்க்கும்போது, எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம் அண்ணன் "அடுப்படியில சுட்டுருச்சு சார்" என்றார். ஏஆர் காப்பி என்கிற ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகலிலும் அதுவே பதிவானது. சமைக்கும்போது தீக்காயம், அவ்வளவுதான். அதில் குக்கர் என்ற சொல்லே இல்லை. மறுநாள் ஒரு பெண் போலீஸ் வந்தார். கல்யாணமான பெண் தீக்காயத்தோடு வந்தால் விசாரிக்காமல் விடமாட்டார்கள். வீட்டில் சண்டையா, மாமியார் எப்படி என்றெல்லாம் கேட்டார். அம்மாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. மதினிதான், "குக்கர் வெடிச்சிருச்சு மேடம், மூடி ஓட்டுல போய் அடிச்சுச்சு" என்று தெளிவாகச் சொன்னார். அந்த வாக்குமூலத்தைப் படித்துக்காட்டி இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எரிச்சலாக இருந்த அந்த விசாரணைதான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

வார்டுக்கு வெளியே டீக்கடையில் ஒருவர் வந்து, "கேஸ் போடலாம் தம்பி, வக்கீல் நம்ம ஆளு, வர்றதுல பாதிப் பாதி" என்றார். பாதிக்குப் பாதி என்பது இங்கே செல்லாத பேச்சு. வழக்கின் முடிவைப் பொறுத்து கூலி பேசுவதற்கு பார் கவுன்சில் விதி இடம் தராது. விளம்பரம் செய்யவும் கூடாது. அமெரிக்காவில் பெர்சனல் இஞ்சுரி லாயர் என்று பெரிய பெரிய பலகை வைத்திருப்பார்கள், ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்பார்கள். நம் ஊரில் அப்படி ஒரு பெயரே கிடையாது. மோட்டார் விபத்து என்றால் எம்சிஓபி வக்கீல் என்று சொல்வோம். பொருள் வெடித்துக் காயம்பட்டால் யாரிடம் போவது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

மதுரையிலிருந்து ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது அடுப்படி பளிச்சென்று இருந்தது. அம்மா கழுவிவிட்டார். குக்கர் எங்கே என்றேன். "அந்தச் சனியனை எதுக்கு வச்சுக்கிட்டு? பழைய இரும்புக்காரன்ட்ட போட்டுட்டேன்" என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளையாக அந்தக் கடைக்காரர் அலுமினியத்தைச் சாக்கில் தனியாகக் கட்டிப் போட்டிருந்தார், மதுரைக்கு இன்னும் ஏற்றவில்லை. நசுங்கிய இட்லித் தட்டு, விசிறி இறக்கை எல்லாவற்றையும் கொட்டித் தேடினோம். பாத்திரம் கிடைத்தது. கைப்பிடி போன மூடியும் கிடைத்தது. விளிம்பில் மூடியைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளில் இரண்டு வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. எடை போட்டுத் திரும்பக் காசு வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குக் கொடுத்ததைவிடக் கூட, அது வேறு விஷயம். வீட்டுக்கு வந்து தேடியதில், அடுப்பு மேடைக்குப் பின்னால் கேஸ்கட்டும் கிடந்தது.

அடுத்தது பில். கவரில் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். இந்தச் சூட்டில் எழுத்து வரும் காகிதங்களுக்கு எங்கள் ஊர் வெயிலில் ஆயுசு ஒரு வருஷம்கூட இல்லை. பணம் என் போனிலிருந்து போயிருந்ததால், வங்கிக் கணக்கில் தேதியும் கடை பெயரும் 2,140 ரூபாயும் அப்படியே இருந்தன. அன்றிலிருந்து என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன், பில்லை வாங்கிய அன்றே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறைதான்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது, மிகவும் மரியாதையாக. வருந்துகிறோம், பொருளை எங்கள் சர்வீஸ் சென்டருக்கு கூரியரில் அனுப்புங்கள், பரிசோதித்துவிட்டுப் புதிய குக்கர் தருகிறோம் என்று. நான் பேக் பண்ணவே ஆரம்பித்துவிட்டேன். சரி, எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்? 15100 என்று போனில் கூப்பிட்டும் கேட்கலாம். அவர்கள் பட்டியலில் இருந்த ஒரு வக்கீலம்மாவை எங்களுக்கு ஒதுக்கினார்கள்.

வக்கீலம்மா முதலில் கேட்டது இதுதான்: "குக்கரைக் கழுவினீங்களா?"

பாத்திரத்தை அம்மா கழுவியிருந்தார். மூடியை யாரும் தொடவில்லை. விசில் போடுகிற குழாயில் பருப்புத் தோல் காய்ந்து அடைத்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. நான் அதைப் பார்த்துப் பயந்திருந்தேன், தப்பு நம் பக்கம்தானோ என்று. ஊசியால் குத்திச் சுத்தம் பண்ணிவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். அதைச் சொன்னதும் வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தொட்டிருந்தீங்கன்னா கேஸ் முடிஞ்சுது தம்பி. எப்படி இருக்கோ அப்படியே பையில போட்டுக் கட்டுங்க, நாலா பக்கமும் போட்டோ எடுங்க. கம்பெனிக்கு அனுப்பாதீங்க. பார்க்கணும்னா வந்து பார்த்துக்கச் சொல்லுங்க."

அப்புறம் மதினியைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். ஏதாவது பார்ட்ஸ் மாற்றினீர்களா என்று கேட்டதற்கு, மதினி தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஆறு மாதத்துக்கு முன்னால் சைக்கிளில் வந்த குக்கர் ரிப்பேர்க்காரரிடம் கேஸ்கட் மாற்றியிருக்கிறார். நாற்பது ரூபாய். கம்பெனி கேஸ்கட் இல்லை. எனக்கே அது தெரியாது. சட்டத்தில் 87-ஆம் பிரிவு அதைத்தான் பார்க்கும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலும் மாற்றி அமைத்தாலும் நஷ்டஈடு கேட்க முடியாமல் போகலாம். மறைக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வக்கீலம்மா அதை மனுவின் நாலாவது பத்தியிலேயே எழுதிவிட்டார். "அவங்க கண்டுபிடிச்சுச் சொன்னா அது பொய். நாம முதல்ல சொன்னா அது ஒரு தகவல், அவ்வளவுதான்."

நானே எழுதி வைத்திருந்த புகாரையும் காட்டினேன். புதுக் குக்கரும் ஐம்பதாயிரமும் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் முடித்திருந்தேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். நுகர்வோர் வழக்கை வக்கீல் இல்லாமலும் நடத்தலாம்தான். மிக்ஸி ஓடவில்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை என்றால் நீங்களே போடலாம். 1915 என்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினாலே பாதி தீர்ந்துவிடும். காயம் பட்ட வழக்கு அப்படியில்லை. என் புகாரில் விற்ற கடையைச் சேர்க்கவில்லை. குக்கரில் என்ன கோளாறு என்று சொல்லவில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கவில்லை. மதுரைக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டைக்கூடக் கணக்கில் எடுக்கவில்லை.

நான் பயந்துகொண்டிருந்த இன்னொன்று, பெரிய தொகை கேட்டால் பெரிய கோர்ட்டுக்குப் போக வேண்டுமோ, கட்டணம் கட்ட வேண்டுமோ என்பது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 2020 ஜூலையிலிருந்து, எந்த நுகர்வோர் ஆணையம் என்பதை முடிவு செய்வது பொருளுக்குக் கொடுத்த விலை. கேட்கிற நஷ்டஈடு இல்லை. 50 லட்சம் வரை விலையுள்ள எதுவும் மாவட்ட ஆணையம்தான். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. எங்களது 2,140 ரூபாய் குக்கர். கம்பெனி வடக்கே எங்கேயோ இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கை ஆறட்டும் என்று காத்திருந்து, விபத்து நடந்த பதினோராவது மாதம் போட்டோம். அப்போது இ-தாக்கில் என்ற தளம் இருந்தது, 2025-லிருந்து இ-ஜாக்ரிதி. ஸ்கேன் பண்ணி ஏற்றுகிற வேலை மட்டும் என்னுடையது. அதிலாவது எனக்கு மரியாதை கிடைத்தது.

மதினிக்கு ஒரு சந்தேகம். குக்கர் வாங்கியது நான். பணம் என்னுடையது. அவர் எப்படிக் கேஸ் போட முடியும்? அதற்கு வக்கீலம்மா ஒரு நத்தைக் கதை சொன்னார். 1928-ல் ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்கிற ஊரில் மே டோனஹ்யூ என்ற பெண் ஒரு கடையில் ஜிஞ்சர் பீர் குடித்தார். நம்ம ஊர்ச் சோடா மாதிரி ஒன்று. வாங்கிக் கொடுத்தது அவருடைய சிநேகிதி. உள்ளே இருப்பது தெரியாத கறுத்த பாட்டில். மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை வந்து விழுந்தது என்பது அவர் புகார். வாங்கியது அவர் இல்லையே, கம்பெனிக்கும் அவருக்கும் என்ன ஒப்பந்தம் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1932-ல், அங்கே அப்போது உச்ச நீதிமன்றம் மாதிரி இருந்த பிரபுக்கள் சபை, பொருள் செய்கிறவனுக்கு அதைக் கடைசியில் பயன்படுத்துகிறவர்மீதும் பொறுப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. நம் சட்டத்திலோ, வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று நேராகவே எழுதியிருக்கிறது.

"அந்தம்மாவோட வக்கீல் லீச்மன்னு ஒருத்தர். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் ஜிஞ்சர் பீர்ல எலி கிடந்ததுன்னு போட்ட கேஸ்ல தோத்திருந்தார். எலி கேஸ்ல தோத்தவர்தான் நத்தை கேஸை எடுத்தார்" என்றார் வக்கீலம்மா. மதினி அந்த வழக்கையெல்லாம் விட்டுவிட்டு, "அடப்பாவமே, நத்தையையா குடிச்சா?" என்றுதான் கேட்டார்.

கம்பெனியின் பதிலில் நான் எதிர்பார்த்த கேஸ்கட் ஒரு வரியில் போய்விட்டது. முக்கியமாக இரண்டு பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, உப்புத் தண்ணீர். ராமநாதபுரம் கடலோரத்துத் தண்ணீரில் உப்பு அதிகம், அது படிந்து குழாய் அடைத்துவிட்டது, பயன்படுத்தியவர் சுத்தம் செய்யவில்லை. இன்னொன்று, நாங்களே கொடுத்த நோட்டு.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதினிக்கு எவ்வளவு வருமானம் போச்சு என்று காட்ட எங்களிடம் எந்தக் கணக்கும் இல்லை. இருந்தது நாற்பது பக்கக் கடன் நோட்டு ஒன்றுதான். எண்ணெய்க் கறை, மாவுக் கறை. ஆள் பெயர் பாதி, படகுப் பெயர் பாதி. 'பச்சைப் போட்டு நாலு பேர் 160' என்று ஒரு வரி, 'மூக்கையூர் மாப்பிள்ளை 35' என்று ஒரு வரி. மே மாதம் அந்தத் தேதியோடு எழுத்து நின்றுபோயிருந்தது. அதற்குப் பின்னால் வெறும் கோடுகள். வக்கீலம்மா அதைச் சான்றாவணமாகக் கொடுத்தார். கம்பெனி வக்கீல் அதையே கையில் பிடித்துக்கொண்டு, இது கடை, வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருள், ஆகவே இவர் நுகர்வோரே இல்லை என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்களே கயிறு கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே. வக்கீலம்மா பதறவில்லை. சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: சொந்த உழைப்பில், பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது. கூலியாள் உண்டா, இல்லை. நோட்டு முழுக்க ஒரே கையெழுத்து. விபத்துக்கு மறுநாளே கடை நின்றுபோனது. வேறு யாராவது இருந்தால் நடந்திருக்குமே? அந்த வெறும் பக்கங்களைத்தான் அவர் ஆணையத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

உப்புத் தண்ணீருக்கு வருவோம். குக்கருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுக்கு ஆவி அழுத்தம் நிற்கும். தண்ணீர் 120 டிகிரி வரை போகும். அழுத்தம் கூடினால் விசில் தூக்கிவிடும். விசில் குழாய் அடைத்துக்கொண்டால் சேஃப்டி வால்வு இருக்கிறது. அதன் நடுவில் இருக்கும் உலோகக் கலவை சூட்டில் உருகி ஆவிக்கு வழி விட வேண்டும். குழாய் அடைப்பது வீட்டுச் சமையலில் நடக்கிற ஒன்று என்பதால்தானே அந்த வால்வையே வைத்திருக்கிறார்கள்? எங்கள் மூடியில் குழாய் அடைத்திருந்தது உண்மை. வால்வு உருகாமல் முழுசாக இருந்ததும் உண்மை. வக்கீலம்மா முதல் நாளே விரலால் தொட்டுக் காட்டாமல், பேனா முனையால் தூரத்திலிருந்து காட்டியது அந்த வால்வைத்தான்.

ஆணையம் மூடியை முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. செலவுத் தொகையை மனுதாரர்தான் கட்ட வேண்டும். 45 நாளில் அறிக்கை என்பது சட்டம். எங்களுக்கு அதைவிட நிறையத் தள்ளிப்போனது. வாய்தா, வாய்தா. ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டிய வழக்கு என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கடைசியில் வந்த அறிக்கை, வால்வின் கலவை உருக வேண்டிய சூட்டைத் தாண்டியும் உருகவில்லை என்றது. கேஸ்கட்டுக்கும் வெடிப்புக்கும் சம்பந்தம் இல்லை என்றது.

அதோடு குறிப்பேடு. குக்கரோடு வந்த சின்னப் புத்தகத்தில் ஆங்கிலமும் இந்தியும்தான். உப்புத் தண்ணீரைப் பற்றி எந்த மொழியிலும் ஒரு வரி இல்லை. 84-ஆம் பிரிவில், தயாரிப்புக் கோளாறு, வடிவமைப்புக் கோளாறு என்பதோடு, போதுமான எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் சொல்லாததும் உற்பத்தியாளர் பொறுப்புதான். "எங்க ஊர்த் தண்ணி உப்புன்னு பதில் மனுவுல எழுதத் தெரியுது. அதை விக்கிறப்பவே பெட்டிக்குள்ள எழுதி வச்சிருக்கலாமில்ல?" என்று வக்கீலம்மா கேட்டபோது எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டார்.

அறிக்கை வந்த பிறகு சமரசத்துக்கு வந்தார்கள். தொகை நியாயமாக இருந்தது. மருத்துவச் செலவு, இரண்டு வருஷ வருமானம், இன்னொரு ஆபரேஷன் வேண்டுமானால் அதற்கும் சேர்த்து. எவ்வளவு என்று எழுதுவதற்கு மதினி சம்மதிக்கவில்லை, சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வந்துவிடுவார்களாம். அண்ணன் உடனே கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். வக்கீலம்மாதான், "காசு உங்களுக்குச் சரி, அதே சரக்கு இன்னும் கடையில இருக்கே?" என்றார். மனுவிலேயே அவர் அதைக் கேட்டிருந்தார். ஆபத்தான பொருளை விற்காதே, கடைகளிலிருந்து திரும்ப எடு என்று உத்தரவிட ஆணையத்துக்கு 39-ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. இதுபோகக் கலெக்டரிடமும் ஒரு மனு கொடுத்து வைத்திருந்தார், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஒரு பிரதி. 2022-ல்தான் அந்த ஆணையம், தரச்சான்று இல்லாத குக்கர்களை விற்றதற்காக ஒரு ஆன்லைன் தளத்துக்கு 1 லட்சம் அபராதம் போட்டு, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெறச் சொல்லியிருந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் வீட்டுக் குக்கர் விற்கக் கூடாது. முத்திரைக்குக் கீழே இருக்கும் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். எங்கள் குக்கரில் முத்திரை உண்மையானதுதான். அப்படியும் ஒரு லாட்டில் வால்வு கெட்டிருந்தது.

அண்ணனுக்குக் கோபம். "ஊருக்காக நாம ஏன் இழுத்தடிக்கணும்?" இரண்டு வாய்தா அதற்கே போனது. ஒருநாள் வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கும்போது மதினி கையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பின்னாடி நின்ன பாப்பா அன்னைக்கு ஒரு எட்டு முன்னாடி நின்னிருந்தா?" என்றார். அண்ணன் எழுந்து டீ வாங்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கடைசியில் கம்பெனி ஒப்புக்கொண்டது: அந்த லாட்டில் மாவட்டத்துக் கடைகளில் மிச்சமிருப்பதைத் திரும்ப எடுப்பது, பெட்டிக்குள் தமிழில் ஒரு எச்சரிக்கைத் தாள் வைப்பது. யாரிடமும் பேசக் கூடாது என்று ஒரு ஷரத்து வைத்திருந்தார்கள், அதை மட்டும் வக்கீலம்மா அடித்துவிட்டார். கம்பெனிப் பெயரை நான் இங்கே எழுதாதது என் விருப்பம்.

மதினி திண்ணைக் கடையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். மாவுச் சட்டியைத் தூக்கித் தர என் அம்மா. பருப்பை அண்டாவில்தான் வேகவைக்கிறார், கேஸ் கூடச் செலவானாலும் பரவாயில்லை என்கிறார். போன மாதம் ராமநாதபுரத்தில் ஒரு பாத்திரக் கடையில் அதே கம்பெனிக் குக்கரைப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு தாள், தமிழில்: 'உவர்நீர் பயன்படுத்தும் பகுதிகளில் ஒவ்வொரு முறை சமைப்பதற்கு முன்பும் ஆவித்துளையை ஒளியில் பிடித்துப் பார்த்துச் சுத்தம் செய்யவும்.' போட்டோ எடுத்துக்கொண்டு போய் மதினியிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"ஆவித்துளைன்னா எது தம்பி?"

"விசில் போடுற குழாய் மதினி."

"அப்ப விசில் ஓட்டைன்னு போட வேண்டியதுதானே. இதை யாரு படிச்சுப் புரிஞ்சுக்குவா? அந்த வக்கீலம்மாட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க."